வீட்டுக்காரர் பேரில் அல்ல

தை 25, ஞாயிற்றுக்கிழமை. தினசரி நாள்காட்டியிலிருந்து கிழித்த ஒரு தாள். ஆண்டு அச்சாகியிருந்த மேல் ஓரம் போய்விட்டது. தேதியும் கிழமையும் பொருந்துவதையும் என்னுடைய மற்ற குறிப்புகளையும் வைத்து அது 2015 என்று கொள்கிறேன். பின்பக்கத்தில் நீல மையில், முன்பக்கத்து ராசிபலன் புடைத்துக்கொள்ளும் அளவுக்கு அழுத்தி எழுதியிருப்பது இது:

"ஞாயிறு காலை. எல்.எல்.ஆர். எடுத்துவிட்டு வரவும். செருப்பு வேண்டாம், ஷூ. புடவை என்றால் நன்றாகப் பின் குத்தி வரவும். வீட்டில் கேட்டுவிட்டு வர வேண்டிய அவசியம் இல்லை."

கடைசி வாக்கியத்தின் கீழே இரண்டு கோடுகள்.

எழுதியவர் ஓர் இளநிலைப் பொறியாளர். புதுச்சேரியில் சாலையையும் சாக்கடையையும் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் இருந்தார். எது என்று எழுதமாட்டேன். லாஸ்பேட்டையில் எங்கள் தெருவோரக் கால்வாய் அடைத்துக்கொண்டு வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. மனு கொடுக்கப் போனேன். நான் அங்கிருந்த ஒரு கல்லூரியில் நூலகர். மனுவில் அடைப்பு ஏற்பட்ட நாள், முதல் புகாரின் நாள், இரண்டாம் புகாரின் நாள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதியிருந்தேன். அவர் அதை முழுவதும் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்து கேட்டது கால்வாயைப் பற்றி அல்ல.

"எதுல வந்தீங்க?"

"டெம்போவுல. ரெண்டு மாறி வந்தேன்."

"லாஸ்பேட்லேர்ந்து இங்க வர ரெண்டு டெம்போவா? வண்டி இன்னாச்சு?"

"ஓட்டத் தெரியாது மேடம்."

"வயசு?"

"நாப்பத்தாறு."

"சரி. கால்வாய வெள்ளிக்கெழம வந்து பாக்கறேன். நீங்க ஞாயித்துக்கெழம வாங்க."

எங்கே, எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. சுவரில் தொங்கிய நாள்காட்டியில் முந்தைய நாளின் தாளை யாரும் இன்னும் கிழிக்கவில்லை. அதைக் கிழித்து, எழுதி, கையில் கொடுத்தார். ஆகவே நான் போனது ஒரு திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை சொன்னபடியே ஆட்களோடு வந்து கால்வாயைத் தோண்டினார்; ஞாயிற்றுக்கிழமை எங்கே, எதற்கு வர வேண்டும் என்பதையும் அப்போதுதான் சொன்னார். அரசு அலுவலகத்திலிருந்து ஒருவர் சொன்ன நாளில் வந்தார் என்று என் குறிப்புகளில் வேறெங்கும் இல்லை.

அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். விமான நிலையத்துப் பக்கம் ஒரு காலி மைதானத்தில் ஞாயிறுதோறும் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். முப்பத்தைந்து வயதுக்குக் கீழே யாரையும் சேர்க்கமாட்டார். "சின்னப் பொண்ணுங்களுக்கு அண்ணன் இருக்கான், ஃப்ரெண்டு இருக்கான். உங்களுக்கு எவன் இருக்கான்?" என்பார். அதைக் கனிவாகச் சொல்லமாட்டார். சண்டைக்கு இழுப்பது போலத்தான் சொல்வார்.

முதல் நாள் யாரும் வண்டியில் உட்காருவதில்லை. இரண்டு பழைய ஸ்கூட்டர்களில் ஒன்றை அவரே மண்ணில் படுக்கவைப்பார். அதைத் தூக்கி நிறுத்த வேண்டும். முதுகைத் திருப்பிக்கொண்டு குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்சீட்டுக் கம்பியையும் பிடித்து, காலால் எழ வேண்டும். நான் நிறுத்தியதும் மறுபடி படுக்கவைத்தார். அன்று காலை முழுவதும் இதுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஓட்டறது எப்ப மேடம்?"

"விழுந்தா மொதல்ல இன்னா பண்ணுவீங்க?"

"யாரையாவது கூப்பிடுவேன்."

"அதுக்குத்தான் இது. தூக்கத் தெரிஞ்சவ யாரையும் கூப்பிட மாட்டா. தூக்குங்க."

அவருடைய குணம் கோபம். வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சிலர் எப்போதாவது கோபப்படுவார்கள். இவர் காலையில் பல் துலக்கும்போதே கோபத்தை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். ஆனால் ஓட்டத் தெரியாததற்காக அவர் யாரையும் திட்டியதில்லை. தவறான சொல்லைச் சொன்னால்தான் திட்டு விழும்.

ஒருமுறை புதிதாக வந்த ஒரு பெண், "ஆபீஸ் வேலைக்கு நடுவுல சைடுல இந்த பிசினஸும் பண்றீங்களே மேடம், பெரிய விஷயம்" என்று பாராட்டினார்.

"சைடுன்னு சொல்லாதீங்க. சைடுன்னா எனக்கு ரோட்டு சைடு சாக்கடதான் ஞாபகத்துக்கு வரும். வாரம் பூரா அதுலதான் நிக்கறேன்."

அந்தப் பெண் விடவில்லை. "அப்ப சேவைன்னு சொல்லலாமா?"

"ஃபீஸ் வாங்கறேன், அப்புறம் இன்னா சேவ? சேவன்னா நீங்க கும்புடு போடுவீங்க. ஃபீஸ் குடுத்தா, 'ஏன்டி இன்னும் எட்டு போட வரல'ன்னு என்னயக் கேப்பீங்க. கேக்கணும். பொழுதுபோக்குன்னும் சொல்லாதீங்க. எனக்குப் போக்கறதுக்குப் பொழுதே கெடையாது."

"பின்ன இன்னான்னுதான் சொல்றது?"

"தொழில்னு சொல்லுங்க. பல்லு ஒடஞ்சுடாது."

எங்களோடு குருசுக்குப்பத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இறந்துபோன சொல்தா. அறுபதைத் தாண்டியவர். வண்டி நகர ஆரம்பித்ததும் கண்ணை இறுக்கிக்கொண்டு "துஸ்மான், துஸ்மான்" என்று முணுமுணுப்பார். பிரெஞ்சில் மெதுவாக, மெதுவாக. கை மட்டும் ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டே போகும்.

"வண்டிக்கு பிரெஞ்சு தெரியாது மதாம்!" என்று பொறியாளர் பின்னாலிருந்து கத்துவார். "அதுக்கு பிரேக்குதான் தெரியும். பிடிங்க!"

மைதானத்தின் ஓரத்தில் வேப்பமரத்தடியில் பொறியாளருடைய கணவர் தண்ணீர் கேனோடு உட்கார்ந்திருப்பார். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை. மனைவி ஓட்ட, பின்னால் டிபன் கேரியரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போவார். ஊர் சிரிப்பதை அவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்தால்தான் வேடிக்கை பார்க்க முடியும் என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

ஏன் இந்தத் தொழில் என்று ஒரு ஞாயிறு டீ குடிக்கும்போது பொறியாளரிடம் கேட்டேன்.

"மொதல்ல கேக் பண்ணேன். எல்லாரும் நல்லாருக்குதுன்னாங்க. பண்ணி முடிச்சா எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. பொறவு பொடவ வித்தேன். வீட்டுக்கு வந்து அத்தன பொடவயயும் பிரிச்சுப் போட்டுட்டு, 'அவரக் கேட்டுட்டு வந்து எடுத்துக்கறேன்'னுவாளுங்க. அந்தக் கோவத்துல திங்கக்கெழம போயி காண்ட்ராக்டருங்களக் கடிச்சு வச்சேன்."

"இது?"

"இத ஆரம்பிச்சதுலேர்ந்து திங்கக்கெழம காண்ட்ராக்டருங்க பொழச்சிக்கறானுங்க. செவ்வாக்கெழமதான் கடிக்கறேன்."

"அப்படின்னா வேலைய விட்டுட்டு முழுசா இதையே பண்ணலாமே?"

அதுவும் தவறான சொல்தான். டீ கிளாஸைத் தரையில் வைத்துவிட்டார்.

"எதுக்கு விடணும் லைப்ரரி மேடம்? எனக்கு ரோடு போடவும் பிடிக்கும். நா போட்ட ரோட்ல நீங்க ஓட்டிட்டுப் போறதப் பாக்கணும். ரெண்டுல ஒண்ணுதான் வேல, இன்னொண்ணு ஆசன்னு எவன் சொன்னான்? அவனக் கூட்டியாங்க."

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுதிவிட வேண்டும். அரசு ஊழியர் அனுமதி வாங்காமல் தொழில் நடத்தக் கூடாது என்பது விதி. அவர் அதை அறியாதவர் அல்ல. தொடங்குவதற்கு முன்பே தன் பெயரில் அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். பதில் இல்லை. மறுபடி விண்ணப்பித்தார். "பரிசீலனையில் உள்ளது" என்றார்கள். விண்ணப்பம் அவருடைய மேலதிகாரியின் மேசையில் கிடந்தது. பதில் வரும்வரை காத்திருக்காமல் தொடங்கியது அவர் செய்த ஒரே தப்பு. அதே அலுவலகத்தில் விண்ணப்பிக்காமலே தொழில் நடத்தியவர்கள் இருந்தார்கள். ஒருவருக்கு மனை வணிகம், ஒருவருக்கு ஜல்லி லாரிகள். மேலதிகாரிக்கு வில்லியனூர் சாலையில் சிமெண்ட் கடை. எல்லாம் மனைவி பேரில். அப்படி நடத்தினால் அது தொழில் ஆகாது, குடும்பம். அதற்கு அனுமதி வேண்டாம், கேள்வியும் இல்லை. இந்த ஏற்பாட்டை ஊரே அறியும், யாருக்கும் வெட்கமில்லை. பத்து வருடத்துக்குப் பிறகும் இதை எழுதும்போது எனக்குப் பேனா கிழிக்கிறது.

ஒரு ஞாயிறு அந்த மேலதிகாரியின் மனைவி மைதானத்துக்கு வந்தார். ஐம்பது வயது, மென்மையான குரல். கணவரிடம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்ததாகத் தானே சொன்னார்.

"தெரிஞ்சுதான் வந்திருக்கீங்களா? உங்க வீட்டுக்காருதான் எனக்கு மேல இருக்கறாரு" என்றார் பொறியாளர்.

"தெரியும்மா. அவர் வீட்டுல உங்களத் திட்டாத நாளே கெடையாது. அதக் கேட்டுத்தான் நம்ம ஊர்ல இப்படி ஒரு கிளாஸ் இருக்குதுன்னே தெரிஞ்சுது."

பொறியாளர் சிரித்ததை நான் பார்த்த மிகச் சில தடவைகளில் அது ஒன்று. அப்புறம் வண்டியை மண்ணில் படுக்கவைத்து, "தூக்குங்க" என்றார்.

லைசென்ஸ் கைக்கு வந்தபின் பொறியாளர் வைக்கும் தேர்வு ஒன்று உண்டு. தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு, அதுவரை தனியாகப் போகாத ஓர் இடத்துக்குப் போய்விட்டு வர வேண்டும். எங்கே என்று அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. நான் வீராம்பட்டினம் போனேன். திருவிழா இல்லாத நாள், கடற்கரையில் வலை உலர்ந்துகொண்டிருந்தது. ஒரு பன்னீர் சோடா குடித்துவிட்டுத் திரும்பினேன். குருசுக்குப்பத்து அம்மாள் பல வருடமாகப் பேசாத தங்கை வீட்டு வாசல்வரை போய், ஹாரன் அடித்துவிட்டு, இறங்காமல் வந்துவிட்டார்.

மேலதிகாரியின் மனைவி சிமெண்ட் கடைக்குப் போனார்.

அடுத்த ஞாயிறு மரத்தடியில் அவரே சொன்னது இது. "எம்பேர்ல கடை இருக்குதுன்னு கையெழுத்துப் போடறப்பல்லாம் சொல்லுவாரு. எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. விசாரிச்சுட்டுப் போனேன். கல்லாவுல இருந்த ஆளு, 'எத்தன மூட்டம்மா?'ன்னான். 'நாந்தாம்பா மொதலாளி'ன்னேன். சிரிச்சான். போர்டப் பாருன்னேன். உரிமையாளர்னு எம்பேரு போட்டிருக்குது. லைசென்ஸ எடுத்து நீட்டினேன். அந்தப் பேரும் இந்தப் பேரும் ஒண்ணுதானேன்னேன். எழுந்து நின்னுட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் நா உக்காந்தேன்."

நாங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். குருசுக்குப்பத்து அம்மாள் "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டில் என்ன நடந்தது என்று யாரோ கேட்டார்கள்.

"யாரக் கேட்டுப் போனன்னாரு. கடை யாருதுன்னேன். ரெண்டு நாளா என்னோட பேசல."

பொறியாளர் மட்டும் சிரிக்கவில்லை. "உங்களோட பேசலன்னா என்னோட பேசுவாரு. வரும்" என்றார்.

வந்தது. முதலில் ஒரு மொட்டைக் கடிதம். பிறகு அதைக் காரணம் காட்டி அவரிடம் விளக்கம் கேட்டு ஒரு மெமோ. அதில் எடுத்தாண்டிருந்த ஒரு வரியை அவர் எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார்: "அரசுப் பணியின் மாண்பைக் குலைக்கும் வகையில் பொது மைதானத்தில் கூச்சலிட்டு." படித்துவிட்டு, "கூச்சல் போடறது உண்மதான்" என்றார். கடிதத்தை எழுதியது யார் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஊகம் இருக்கிறது. ஊகத்தை நான் எழுதுவதில்லை.

அதற்கடுத்த ஞாயிறு மேலதிகாரியே காரில் வந்து இறங்கினார். அவருடைய மனைவி அன்று வரவில்லை. நாங்கள் ஏழெட்டுப் பேர் ஹெல்மெட்டோடு நின்றிருந்தோம். எங்களைப் பார்க்காமலேயே பேசினார். குரலில் நெய் ஒழுகிற்று.

"எதுக்கும்மா வீண் பிரச்சன? உங்களுக்கு இன்னும் எத்தன வருஷ சர்வீஸ் இருக்குது. புரமோஷன் லிஸ்ட்ல இருக்கீங்க. வீட்டுக்காரர் பேர்ல மாத்திப் போட்டுடுங்க. ஒரே ஒரு பேப்பர். நா பாத்துக்கறேன்."

"நா பண்ற வேல சார் இது."

"நீங்களே பண்ணுங்க, யாரு வேணாம்ன்றது? பேருதானே. எல்லாரும் அப்படித்தான் வச்சிருக்கோம்."

"நீங்க எல்லாரும் பொண்டாட்டி பேர்ல வச்சிருக்கீங்க. எனக்குப் பொண்டாட்டி கெடையாதே சார்."

யாரோ ஹெல்மெட்டுக்குள் களுக்கென்றார்கள். மேலதிகாரி மரத்தடிப் பக்கம் திரும்பினார். "நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க மிஸ்டர். உங்க பேர்ல இருந்தா உங்களுக்கும் ஒரு மரியாத."

கணவர் தண்ணீர் கேனோடு எழுந்தார். "எம்பேர்லயா? நா சைக்கிள்கூட ஓட்டமாட்டேன் சார். நாளைக்கு எவனாச்சும் வந்து, மொதலாளி ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுன்னா நா எங்க போவேன்?"

அப்போதும் பொறியாளர் சிரிக்கவில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்து நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. "ரெண்டு தடவ எழுதிக் கேட்டேன் சார். எம்பேர்லதான் கேட்டேன். குடுக்கறதுன்னா குடுங்க. இல்லன்னா இல்லன்னு எழுதிக் குடுங்க, நிறுத்திக்கறேன். இன்னொருத்தர் பேர்ல ஒளிஞ்சுக்க மாட்டேன்." அதோடு திரும்பி எங்களைப் பார்த்து, "யாரு டைம வீணாக்கறது? வண்டிய எடுங்க" என்று கத்தினார்.

இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தால் நிறுத்தியிருப்பார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இல்லை என்று எழுதினால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் அது எல்லோருக்கும் பொருந்தும். ஆகவே எதையும் எழுதாமல் ஏனாமுக்கு மாற்றினார்கள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் சின்னஞ்சிறு ஆட்சிப்பகுதியின் ஒரு துண்டு, ஆந்திரக் கடற்கரையில், கோதாவரி ஓரம் கிடக்கிறது. இங்கே அரசு வேலையில் இருப்பவரைப் பயமுறுத்த அந்த ஊர்ப் பெயர் போதும். பதவி உயர்வுப் பட்டியல் வெளியானபோது அவர் பெயர் அதில் இல்லை.

அவர் கிளம்பும் முன் வந்த கடைசி ஞாயிறன்று வகுப்பு வழக்கம்போல நடந்தது. பிரிவு உபசாரம் கிடையாது. கேக் வாங்கிவந்த பெண்ணுக்கு, "இன்னிக்கு எட்டு போட வந்தியா, கேக் திங்க வந்தியா?" என்று ஒரு அதட்டல் விழுந்தது. போகும்போது என்னிடம் மட்டும் கேட்டார்: "ஏனாம்ல இன்னா பேசறாங்க? தெலுங்குதானே?"

"ஆமா."

"'தூக்கு'ன்றதுக்குத் தெலுங்குல இன்னான்னு உங்க லைப்ரரியில பாத்து வைங்க."

பார்த்து, ஒரு தாளில் எழுதி, கணவரிடம் கொடுத்தனுப்பினேன். 'எத்து'. அந்தச் சொல் அவர் வாய்க்கு நன்றாகப் பொருந்தும் என்று தோன்றியது.

அவர் போனபிறகு ஊர் பேசிய பேச்சுதான் இதை எழுதவைக்கிறது. "பாவம், கவர்மெண்ட் வேலையில இருந்துக்கிட்டு எதுக்கு இந்த ஆச?" என்றார்கள். படித்தவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். பாவமாம்! ஜல்லி லாரி வைத்திருந்தவர் சேவைப் பதக்கம் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றார். மேலதிகாரியும் மாலையோடுதான் போனார். அந்த விழாவில் அவருடைய நேர்மையைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள் என்று செய்தித்தாளில் பார்த்தேன். செய்தியைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். எப்போது எடுத்துப் பார்த்தாலும் எரிகிறது.

இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். இதில் அவர் பெயரை நான் எழுதவில்லை. அவர் இன்னும் பணியில் இருக்கக்கூடும். பெயரை அச்சிட்டால் அதை வெட்டி ஒட்டி இன்னொரு மொட்டைக் கடிதம் தயாராகும். தன் பெயருக்காகச் சண்டை போட்டவரைப் பற்றிப் பெயரில்லாமல் எழுத வேண்டியிருக்கிறது. இதைப் படித்தால் என்னையும் திட்டுவார். திட்டட்டும்.

மேலதிகாரியின் மனைவி இப்போது வாரத்தில் பாதி நாள் சிமெண்ட் கடைக் கல்லாவில் உட்காருகிறார். ஸ்கூட்டரில்தான் போகிறார். சென்ற கார்த்திகையில் அவர் சொந்தக்காரர்களோடு கோதாவரிப் பக்கத்துக் கோயில்களுக்குப் பஸ்ஸில் போனார். ஏனாம் வழியாகப் போனபோது சாலையோர மைதானம் ஒன்றில் இளம் வயதைத் தாண்டிய ஒரு பெண் மண்ணில் படுத்திருந்த ஸ்கூட்டரைத் தூக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். பக்கத்தில் ஒரு பலகை, ஸ்கூட்டர் படம், தெலுங்கில் ஏதோ எழுத்து. கீழே பெயர் போல ஒரு வரி.

"நிறுத்துங்கன்னு கத்தினேன். டிரைவர் நிறுத்தல" என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு பேரா, வீட்டுக்காரு பேரும் சேர்த்து ரெண்டு பேரா?"

"ஒண்ணுதான். அவங்க பேராத்தான் இருக்கணும். எனக்குத் தெலுங்கு படிக்க வராதே."

புதுச்சேரியில் இருக்கும் பொறியாளரின் கணவரிடம் கேட்டேன். "அவங்களையே கேளுங்க, எனக்கு எதுக்கு வம்பு?" என்று சிரித்தார். அவரிடமிருந்து வாங்கிய பொறியாளரின் எண்ணுக்கு மூன்று முறை அழைத்தேன்; யாரும் எடுக்கவில்லை. அனுமதி வந்ததா, வராமலே நடத்துகிறாரா, அந்தப் பலகையில் இருப்பது யார் பெயர் என்பவை இந்தத் தேதிவரை சரிபார்க்கப்படவில்லை.